அடுப்புக்குப் போட்ட மார்க்

மார்க் போடுவதுதான் எனக்கு அப்போது வேலை. பிள்ளைகளுக்குப் போட்டிருந்தால் டீச்சர் என்ற மரியாதையாவது மிஞ்சியிருக்கும். நான் போட்டது வீடுகளுக்கு. கூரை ஓலையா, ஓடா, ஷீட்டா, தளமா? ஓலைக்கு சைபர், தளத்துக்கு ஆறு. சமையல் விறகிலா, மண்ணெண்ணெயிலா, கேஸிலா? நேற்று எத்தனை வேளை சாப்பிட்டீர்கள்? அதில் மீன், முட்டை, கறி ஏதாவது உண்டா? கேட்டுக் கேட்டு டிக் அடித்துக் கடைசியில் கூட்டினால், அந்தக் குடும்பம் எவ்வளவு ஏழை என்பது தெரிந்துவிடும். பயிற்சியில் அப்படித்தான் சொன்னார்கள். மாத்தூரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வந்து நானும் அதை நம்பினேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. குப்பத்துக்குக் குப்பம் பெண்கள் குழு, குழுவுக்குக் குழு கடன். அப்படிக் கடன் கொடுத்த ஒரு கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வந்துகொண்டிருந்தது. அனுப்பியவர்கள் ஒரு நாள் கேட்டார்கள்: கொடுத்த கடன் திரும்பி வருகிறது, சரி, அதனால் ஏழைக்கு ஏதாவது நல்லது நடந்ததா? நியாயமான கேள்விதான், நான் குறை சொல்ல மாட்டேன். பதில் கண்டுபிடித்துத் தர ஒரு ஆய்வு அலுவலகத்தை அமர்த்தினார்கள். சமூகச் செயல்பாட்டு மதிப்பீடு என்று அதற்கு நீளமாக ஒரு பெயர். அங்கே நாள் சம்பளத்துக்குப் படிவம் நிரப்பிய நாலு பேரில் நான் ஒருத்தி.

நான் இங்கே சொல்ல வந்த அக்காவின் வீடு என் பட்டியலில் பதினோராவது. திருவொற்றியூருக்கு வடக்கே, எண்ணூர் போகும் ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில், அலை அரிக்காமல் இருக்கக் கொட்டிய கருங்கற்களுக்கு உள்பக்கமாக இருந்தது. அக்காவுக்கு ஐம்பதைத் தொடும் வயது. காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் சுமந்துபோய்த் தேரடிப் பக்கம் விற்பாள். மத்தியானத்துக்கு மேல்தான் வீட்டில் பிடிக்க முடியும். நான் போனபோது வாசலில் உட்கார்ந்து கூடையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த அட்டையையும் பேனாவையும் பார்த்ததுமே எனக்குப் பேர் வைத்துவிட்டாள்.

"வா டீச்சர். குந்து. கேளு."

நாற்பது கேள்விகள். கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். இவ்வளவு சுலபமாக ஒரு படிவம் முடிந்ததே இல்லை என்ற சந்தோஷத்தில் மைப்பெட்டியைத் திறந்து நீட்டினேன். கட்டைவிரலை நீட்டாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எயுதுனத்த படி."

"எல்லாம் நீங்க சொன்னதுதான்க்கா."

"நான் சொன்னது எனுக்குத் தெரியும். நீ எயுதுனது இன்னான்னு எனுக்கு எப்டித் தெரியும்? படி."

அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனாலேயே, அவளைப் பற்றி எவர் எதை எழுதினாலும் அவள் முன்னால் வாய்விட்டுப் படித்துக் காட்டியாக வேண்டும். குப்பத்தில் எல்லோருக்கும் இது தெரியும்; எனக்குத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ரேஷன் கடைக்காரர் அவள் வருவதைப் பார்த்ததும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வாராம். கார்டில் போட்டதை ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும். பின்னால் நிற்கும் வரிசை முழுக்க முணுமுணுக்கும். அவள் திரும்பிப் பார்த்து, "உங்க கார்டுலயும் படிக்கச் சொல்லுங்கமே, யாரு வேணான்னது?" என்பாளாம். கொஞ்ச நாளில் வரிசையில் மற்றவர்களும் படிக்கச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பாவம், கடைக்காரருக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டர் மருந்துச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தபோதும் அதே கதைதான். அந்த டாக்டர் நல்ல பையன். சிரித்துக்கொண்டே, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, அஞ்சு நாளைக்கு என்று படித்திருக்கிறான். அக்கா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா? இதுக்கா இத்தினி கோயி கிறுக்கல்?" என்று கேட்டுவிட்டு வந்தாளாம்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது கோயில் பலகை. குப்பத்து அம்மன் கோயிலுக்கு ஒரு வருஷம் அவள் பித்தளைக் குடம் வாங்கிக் கொடுத்தாள். உபயதாரர் பலகையில் அவள் வீட்டுக்காரர் பேரைப் போட்டு, பக்கத்தில் 'நினைவாக' என்று எழுதிவிட்டார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அந்த மனிதர் போட்டில் விசாகப்பட்டினம் போய்ப் பல வருஷம் ஆகியும் திரும்பவில்லை. படித்துக் காட்டச் சொன்னவள், கேட்டதும் பெயின்டரைக் கூப்பிட்டாள்.

"நெனவுன்றது செத்தவனுக்கு. அந்தாளு வைசாக்ல இன்னொருத்தி வூட்டுல சோறு துன்னுகினு கீறான். குடம் குடுத்தது நானு. உசுரோட கீறேன். எம்பேர போடு."

திருவிழாவுக்கு முதல் நாள். பெயின்ட் காய நேரம் இல்லை என்று கோயில்காரர்கள் கெஞ்சினார்கள். காயும்வரை அவளே பலகைக்குக் காவல் நின்றாளாம்.

ஏன் இப்படி எல்லோரையும் படிக்க வைக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "எனுக்குப் படிக்கத் தெரியாது, சரி. உனுக்கு ஒயுங்கா தெரியுதான்னு பாக்குறேன்" என்றாள். இன்னொரு நாள் கேட்டதற்கு வேறு காரணம் சொன்னாள். "கைய வச்சிட்டு அப்பால கேட்டா, நீதான வச்சேன்னுவான்."

ஆக, அன்றைக்கு நானும் படித்தேன். கூரை என்று வந்ததும், "ஷீட்டு. முன்பு ஓலை. முன்னேற்றம்" என்றேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த வேறொரு பெண், ஓலை என்று எழுதிவிட்டுப் போயிருந்தாள். அன்றைய மார்க்குக்கும் இன்றைய மார்க்குக்கும் நடுவில் இருப்பதுதான் கடன் செய்த நன்மை. கணக்கு அப்படி.

"இன்னா முன்னேற்றம்? ஓல வூடு எரிஞ்சுபோச்சு டீச்சர். இந்த வரிசையே எரிஞ்சுது. அப்பால சர்க்காருல ஷீட்டு குடுத்தாங்க. மத்தியானத்துல உள்ள குந்திப் பாரு, வெந்துருவ. ஓல எரிஞ்சா ஷீட்டு, ஷீட்டு எரிஞ்சா மாடி தருவியா?"

மீனுக்கும் அப்படித்தான். வாரத்தில் எத்தனை நாள் மீன் என்ற கேள்விக்கு, தினமும் என்று சொல்லியிருந்தாள். நான் முழு மார்க் போட்டிருந்தேன். படித்ததும் அக்கா அப்படிச் சிரித்தாள். "விக்காத மீன துன்றதுக்கு மார்க்கா? அன்னிக்கு யாவாரம் படுத்துச்சின்னுல்ல அர்த்தம்!" படிவத்தை எழுதியவர் கடலைப் பார்த்திருக்க மாட்டார். எனக்குத்தான் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கேள்வி அச்சில் இருந்தால் அது சரியான கேள்விதான் என்று நினைக்கிற வயது.

அடுத்து அடுப்பு. இதை அவளிடம் நான் கேட்கக்கூட இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன், மூலையில் இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு இருந்தது, டிக் அடித்துவிட்டேன். "சமையல்: கேஸ் அடுப்பு" என்று படித்தேன்.

அக்காவின் சிரிப்பு நின்றது. கூடையை ஓரமாக வைத்தாள்.

"அது என்னுது இல்ல."

திரும்பவும் எட்டிப் பார்த்தேன். அடுப்பின்மேல் பழைய லுங்கி ஒன்று பாதி விலகிக் கிடந்தது. பக்கத்தில் சிலிண்டர் இல்லை, ட்யூப் இல்லை. அதற்கு எதிர்ப்பக்கத்தில் கரி பிடித்த மண்ணெண்ணெய் ஸ்டவ், அதன்மேல் சோற்றுப் பானை. முதலில் நான் பார்த்த லட்சணம் அவ்வளவுதான்.

அடுப்பு அடுத்த வீட்டுத் தேவியுடையது. அக்காவின் குழுவில் இருந்த பெண், வயது முப்பதுக்குள். குழுவின் ஏற்பாடு எனக்குத் தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஐந்தைந்து பேராக வரிசையாக உட்கார்ந்து, கையை நீட்டி உறுதிமொழி சொல்வார்கள். அதில் ஒரு வரி: 'எங்களில் ஒருவர் தவணை கட்டத் தவறினால் மற்றவர்கள் பொறுப்பேற்போம்.' முப்பது பெண்கள் ஒரே குரலில் சொல்லும்போது கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒற்றுமை என்று குறிப்பு எழுதி, அதற்கும் நல்ல மார்க் போட்டேன்.

"தடைக்காலம் டீச்சர்" என்று ஆரம்பித்தாள் அக்கா. "நாப்பத்தஞ்சு நாளு லாஞ்சு ஒண்ணும் கடல்ல எறங்காது. அவ வூட்டுக்காரன் லாஞ்சுல கூலி. வேல இல்ல. ரெண்டு வாரம் அவ கட்டல. மூணாவது வாரம் வசூலு சாரு வந்தான். கத்தல, திட்டல, யாரு மேலயும் கை வக்கல. 'அல்லாரும் குந்துங்க. அந்தத் தவண வந்தா எந்திரிச்சிப் போலாம்'னான். அவ்ளோதான். காலீல பத்து மணிக்குக் குந்துனோம். இஸ்கோலு வுட்டு பசங்க வந்து நிக்குது. எங்கூடையில கீற மீனு நாறிகினு கீது. கோவம் வந்துச்சு. சாரு மேல வர்ல பாரு. தேவி மேல வந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? எந்திரிச்சி நேரா அவ வூட்டுக்குப் போனோம். அதிகம் கத்துனது நாந்தான். அந்த அடுப்பு அவுங்க அம்மா வூட்டு சீரு. நாந்தான் தூக்குனேன். கால்ல வுயுந்தா. உதறிகினு வந்தேன். துட்டு கட்டுனா எடுத்துக்கோன்னு இங்க கொண்டாந்து வச்சோம். மறுநாளு புள்ளைங்க ரெண்டத்தயும் இஸ்துகினு அத்திப்பட்டுக்கு, அவுங்க அம்மா வூட்டுக்குப் போய்ட்டா. பெருசு நாலாவது படிச்சிகினு இருந்துச்சு. படிப்பு நின்னுபோச்சாம். எயுது."

நான் எழுதவில்லை. அதற்குப் படிவத்தில் இடம் இல்லை. இருபத்து மூன்றாவது கேள்வி இப்படி இருந்தது: 'வசூலின்போது நிறுவன ஊழியர் யாராவது மிரட்டினாரா, பொருளைப் பறித்தாரா?' இல்லை என்று ஏற்கெனவே டிக் அடித்திருந்தேன். படித்துக் காட்டினேன்.

"நெசந்தான். அவன் பறிக்கல. நாங்க பறிச்சோம். அதுக்கு எங்க கீது கட்டம்?"

"இல்லக்கா."

"சரி, தேவியாண்ட போய்க் கேளு."

பட்டியலைப் பார்த்தேன். தேவி அதில் இல்லை. இப்போது குழுவில் இருப்பவர்களை மட்டும் பேட்டி எடுக்க வேண்டும் என்பது விதி. விலகிப் போனவர்கள் பட்டியலிலிருந்தும் போய்விடுவார்கள். அதையும் சொன்னேன்.

அக்கா மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினாள். "போனவள வுட்டுட்டு இருக்குறவளயே கேட்டுகினு போனா, அல்லாரும் நல்லாத்தான் கீறாங்கன்னு வரும். இது இன்னா கேள்வி டீச்சர்? தேவிய எயுது. அப்பத்தான் கைய வைப்பேன்."

கை வைக்காத படிவம் செல்லாது. செல்லாத படிவத்துக்கு எனக்குக் கூலி இல்லை. ஆனால் அன்றைக்குக் கூலியை நினைத்து எழுதவில்லை. அந்த லுங்கி மூடிய அடுப்பு கண்ணிலேயே நின்றது. பக்கத்தின் ஓரத்தில் இருந்த வெள்ளை இடத்தில், மேலிருந்து கீழாக, பொடி எழுத்தில் எழுதினேன். தேவி, அடுப்பு, ஆறு மணி நேரம் உட்கார வைத்தது, தூக்கியவள் யார், குழந்தையின் நாலாம் வகுப்பு, எல்லாம். அட்டையைத் திருப்பிப் பிடித்துப் படித்துக் காட்டினேன். அக்கா கட்டைவிரலை மையில் அழுத்தி, கைரேகைக்கென்று இருந்த கட்டத்தை விட்டுவிட்டு, அந்தப் பொடி எழுத்தின்மேலேயே வைத்தாள்.

"இத்த அயிக்கணும்னா எங்கையயும் சேத்து அயிக்கட்டும்."

அலுவலகத்தில் யாரும் எதையும் அழிக்கவில்லை. அழிக்காமலேயே காணாமல் போக்க வழி இருந்தது. மேற்பார்வையாளர் சாந்தமான மனிதர். படிவத்தைப் பொறுமையாகப் படித்துவிட்டு, "அடுப்பை மண்ணெண்ணெய்னு மாத்திடலாம்மா. மத்தது ஓரத்துல எழுதினது. கம்ப்யூட்டர்ல அதுக்கு இடம் இல்லை" என்றார். "ஒரு வீட்டுக் கதையை வச்சு எதையும் சொல்ல முடியாது, புரியுதா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் தலையாட்டினேன். நான் செய்த ஒரே நல்ல காரியம், படிவத்தைக் கொடுக்குமுன் மூலைக் கடையில் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டது. தைரியம் வந்து எடுத்தேன் என்று நினைக்க வேண்டாம். தூக்கிப் போட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

கூட்டிக் கழித்துப் பார்த்ததில் எங்கள் பட்டியலிலேயே அதிகம் முன்னேறிய வீடு எது என்று நினைக்கிறீர்கள்? அக்காவின் வீடுதான். ஓலை போய் ஷீட்டு, தினமும் மீன். அடுப்பைத் திருத்தியும்கூட அவள்தான் முதல். அறிக்கையின் முதல் வடிவத்தை வெளியிடும் விழாவில் மேடையேற்ற அவளையே தேர்ந்தெடுத்தார்கள். அழைத்து வரும் வேலை எனக்கு. போய்ச் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அங்க எயுதுனத்த படிப்பாங்களா?"

"படிப்பாங்க அக்கா. இங்கிலீஷ்ல."

"நீ தமில்ல படி. வர்றேன்."

ஏசி ஹால். மேடையில் பூச்செண்டு, முன்வரிசையில் வெள்ளைக்கார அம்மா ஒருவர், கடன் கம்பெனியின் பெரியவர், எங்கள் மேற்பார்வையாளர். நாலைந்து குப்பங்களிலிருந்து வேனில் ஏற்றி வந்த பெண்கள் பின்னால் இருந்தார்கள். அக்கா நீலப் புடவை கட்டி, கழுத்தில் மாட்டிய அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் இரண்டு முறை படிக்கச் சொன்னாள். திரையில் இரண்டு படம் காட்டினார்கள். இடது பக்கம் ஓலை வீடு, வலது பக்கம் ஷீட்டு வீடு. கைதட்டினார்கள். மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள்.

"வணக்கம். அந்த ஓல வூடு எரிஞ்சுபோச்சு. உங்க கடனு எரிக்கல, இந்த ஷீட்டு வூட்ட உங்க கடனு கட்டவும் இல்ல. கடனு வாங்குனேன், மீனு எடுத்தேன், திருப்பிக் கட்டுனேன். அதுல ஒண்ணும் பொய்யில்ல. எங்க குப்பத்தப் பத்தி இன்னாமோ எயுதிக்கீறீங்களாமே. அதோ டீச்சர் கீது. டீச்சர், மேல வா. படி."

பெரியவர் சிரித்தபடியே தலையசைத்தார். மேடைக்குப் போனேன். அறிக்கையில் அக்காவின் குப்பத்தைப் பற்றிய பக்கத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். குழந்தைகள் படிப்பு, வீட்டு வசதி, சேமிப்பு. கடைசியில், "வசூலில் மிரட்டலோ பறிமுதலோ நடந்ததாக யாரும் சொல்லவில்லை" என்ற வரி வந்தது.

"யாரும் சொல்லலியா?" என்றாள் அக்கா. மைக் அவள் வாய்க்கு நேராகவே இருந்தது. "நீ எயுதுன. நீ படிச்ச. நான் கைய வச்சேன். அது எங்க டீச்சர்?"

முன்வரிசையில் மேற்பார்வையாளர் என்னைப் பார்த்து லேசாக, மிக லேசாக, வேண்டாம் என்று தலையசைத்தார். ஒருமுறை அவருக்குத் தலையாட்டியவள்தானே, இன்னொரு முறையும் ஆட்டுவேன் என்று நம்பியிருப்பார். எனக்கு வாடகை நினைவுக்கு வந்தது. பக்கத்தில் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு அவசரமே இல்லை. பலகையில் பெயின்ட் காயும்வரை காவல் நின்றவள் அல்லவா? கைப்பையைத் திறந்து ஜெராக்ஸை எடுத்தேன்.

படித்தேன். கட்டைவிரல் ரேகை கறுப்பாக விழுந்து சில சொற்கள் தெரியவில்லை. தெரியாத இடத்தை அக்கா மைக்கில் சொன்னாள். "தூக்குனது நானு" என்ற இடத்தைச் சத்தமாகச் சொன்னாள். பின்னால் வேறு குப்பத்துப் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். "எங்க ஊருல கிரைண்டரு!" என்று ஒருத்தி எழுந்து கத்தினாள். வெள்ளைக்கார அம்மா பக்கத்திலிருந்தவரிடம் என்ன என்று கேட்டார். அவர் மழுப்பப் பார்த்ததும் நானே இறங்கிப் போய் என் ஓட்டை இங்கிலீஷில் சொன்னேன். அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: தேவி இப்போது எங்கே? பெரியவர் விசாரிப்பதாகச் சொன்னார்.

"விசாரிக்க இன்னா கீது? அத்திப்பட்டுல கீறா" என்றாள் அக்கா. "எனுக்கு மார்க்கு போடாதீங்க. அந்த அடுப்பு அவ வூட்டுல எரியட்டும். அன்னிக்குப் போடுங்க." பூச்செண்டை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் வேலைக்காகப் போகவில்லை, வேடிக்கை பார்க்கப் போனேன். வரிசையாக உட்கார்ந்து, கையை நீட்டி, உறுதிமொழி சொன்னார்கள். 'எங்களில் ஒருவர்' என்று வசூல் சார் எடுத்துக் கொடுத்ததும் முப்பது வாயும் மூடிக்கொண்டன. மூன்று முறை சொல்லிப் பார்த்தான். கடல் சத்தம்தான் கேட்டது. பிறகு அவனே அடுத்த வரிக்குப் போய்விட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கும் மேலே ஒருத்தர் மார்க் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா அடுப்பைக் கோணியில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு ரயிலேறினாள். நானும் கூடப் போனேன். அத்திப்பட்டில் இறங்கி, அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளைப் பார்த்தபடி நடந்து, தேவியின் அம்மா வீட்டு வாசலில் இறக்கி வைத்தாள். தேவி வெளியே வந்தாள். அடுப்பைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"கொண்டாந்துட்டேன்மே. எடுத்துக்கோ. எடுத்துக்குறியா?"

"தூக்கினு போவசொல்ல என்னாண்ட கேட்டியா? இப்ப மட்டும் இன்னாத்துக்குக் கேக்குற?"

அக்கா கோணியின் முடிச்சை அவிழ்த்தாள். தேவி, "உள்ள கொண்டாந்து வை. தூக்குனவதான வைக்கணும்?" என்றாள். அக்கா குனிந்து தூக்கிப் போய் வைத்து, அந்த வீட்டுச் சிலிண்டரின் ட்யூபை மாட்டி, இரண்டு பர்னரும் எரிகிறதா என்று பற்றவைத்துப் பார்த்துவிட்டு வந்தாள். டீ போட்டுத் தருவாளோ என்று நான் எதிர்பார்த்தேன். தேவி தரவில்லை. திரும்பி வரும் ரயிலில் அக்கா, "குடுத்திருந்தாலும் குடிச்சிருக்க மாட்டேன்" என்றாள். பெரிய பெண் மறுபடி பள்ளிக்கூடம் போனாளா என்பது எனக்குத் தெரியாது.

சில மாதம் கழித்து, திருத்திய அறிக்கை வழவழப்பான தாளில் அச்சாகி வந்தது. எனக்கு அதற்குள் அந்த அலுவலகத்தில் வேலை இல்லை. புதிய ஆய்வுக்குக் கூப்பிடவே இல்லை. பழகிய ஒருவர் மூலம் ஒரு பிரதி வாங்கி அக்காவிடம் எடுத்துப் போனேன். மீன் அரிந்துகொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு மத்தியானம் முழுக்கப் படித்துச் சொன்னேன். எங்கள் விஷயம் பக்கத்தின் அடியில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருந்தது: 'குழுவுக்குள் எழும் சமூக அழுத்தம் குறித்து உறுப்பினர்கள் சிலர் கருத்துத் தெரிவித்தனர்.'

"இது எந்த ஊரு பேச்சு? தேவி கீறாளா அதுல?"

"இல்லக்கா."

"அடுப்பு?"

"அதுவும் இல்ல."

"எம்பேரு?"

"இருக்கு. உங்க படத்துக்குக் கீழ, நல்ல பெருசா."

எங்கே என்று காட்டச் சொன்னாள். காட்டினேன். மீன் செதில் சீவும் கத்தியை எடுத்து, முனையால் அந்தப் பேரை மட்டும் சுரண்டினாள். ஒவ்வொரு எழுத்தாக, தாள் கிழியாமல் சுரண்டினாள். படத்தைத் தொடவில்லை. "மூஞ்சி கெடக்கட்டும். நல்லாத்தான் கீது" என்றாள். புத்தகத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "எப்பனா நீ இத்த எயுதுவ டீச்சர். எயுதுனா மொதல்ல எங்கிட்ட படி. நான் சரின்னா எம்பேர போடு. இல்லாங்காட்டி போடாத."

அந்தப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பேர் இருந்த இடத்தில் தாள் மெலிந்து வெளிச்சம் தெரியும். இத்தனை வருஷம் கழித்துத்தான் எழுத வந்தது. அக்கா இப்போது எண்ணூர்ப் பக்கம் ஹவுசிங் போர்டு வீட்டில் இருப்பதாகக் கேள்வி. வயதாகியிருக்கும், ஏலத்துக்குப் போவதில்லையாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு போகிறேன். எந்த இடத்தில் என்னை நிறுத்துவாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மேற்பார்வையாளருக்கு நான் தலையாட்டிய இடத்தில் நிறுத்துவாள். அது அவளுக்கு இதுவரை தெரியாது. அந்த வரியை எடுத்துவிடலாமா என்று இரண்டு முறை பேனாவை எடுத்தேன். வரியை எடுக்கவில்லை. உள்ளபடியே படிக்கப் போகிறேன். அதற்கப்புறம் பேர் போடுவதும் போடாததும் அவள் பாடு.